உள்ளான் இறங்கும் சேறும் கடைமடை வயலும்

நமது கிராமக் கணக்குகளில் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்று நிலங்கள் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரண்யம் பகுதியில் கடலோரமாகப் பரந்து கிடக்கும் சேற்று நிலத்திற்கு மக்கள் மனத்தில் இவற்றுள் எந்த இடமும் கிடையாது. அங்கே நெல் விளையாது. வீடு கட்ட இயலாது. நடந்தால் கால் புதையும். ஆகவே, அதனை வீண் நிலம் என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வீண் நிலத்தை நாடி, ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஒரு கைப்பிடிக்குள் அடங்கக்கூடிய சிறு பறவை ஆண்டுதோறும் வருகிறது. அது ஏன் வருகிறது, எதை உண்டு வாழ்கிறது, அதன் சேற்றுக்கு இன்று நேர்ந்துள்ள ஆபத்து யாது என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்வது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன், கடைமடைக் கிராமம் ஒன்றில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் சதுப்பு நிலப் பாதுகாப்பைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். முதிய விவசாயி ஒருவர் எழுந்து, “ஐயா, எங்கள் பயிருக்கே தண்ணீர் வந்து சேருவதில்லை. பறவைக்கு எங்கே போய்த் தண்ணீர் கொண்டுவருவது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நான் அன்று சட்டத்தை எடுத்துக்காட்டி விடையளித்தேன். அவர் மறுமொழி கூறாமல் அமர்ந்துவிட்டார். அவர் கேட்டதற்கு அது விடையன்று என்பதை நான் பின்னரே உணர்ந்தேன். அவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடையை இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

வளைந்த அலகுடைய உள்ளான்

நீர்க்கரையில் விரைந்து ஓடி, சேற்றைக் குத்திக் குத்தி இரை தேடும் சிறு பறவைகளை நம் மக்கள் பொதுவாக உள்ளான் என்று அழைக்கின்றனர். அவற்றுள் பல வகைகள் உண்டு. மிகச் சிறியதைக் கொசு உள்ளான் என்பர். நீண்ட சிவந்த கால்களை உடையதை நெடுங்கால் உள்ளான் என்பர். இக்கட்டுரைக்கு உரியது, அலகு நுனியை நோக்கிச் சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும் ஒரு வகை. ஆங்கிலேயர் இதனைக் கர்லியூ சாண்ட்பைப்பர் என்று பெயரிட்டு அழைத்தனர். நாம் இதனை வளை அலகு உள்ளான் என்று கூறுவோம்.

இப்பறவை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுடையது. எடை 50 அல்லது 60 கிராம் இருக்கும். நம் நாட்டில் தங்கும் காலத்தில் இதன் முதுகு சாம்பல் நிறமாகவும் வயிறு வெண்மையாகவும் காணப்படும். பறக்கும்போது வாலின் அடிப்புறத்திற்கு மேல் ஒரு வெண்பட்டை தெரியும். சித்திரை மாதம் நெருங்கும்போது இதன் தலை, கழுத்து, மார்பு ஆகிய பகுதிகளில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும். புறப்படும் காலம் நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இது முட்டையிடும் இடம் நம் நாடு அன்று. வட துருவத்தை அடுத்த சைபீரியாவின் துந்திரா என்னும் மரமற்ற வெளியில், சிறப்பாகத் தைமிர் தீபகற்பத்தில், ஜூன் மாதத்தில் பனி உருகியதும் இது தரையில் கூடு அமைத்து நான்கு முட்டைகள் வரை இடுகிறது. ஆண் பறவை அடைகாப்பதில்லை. ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். பெண் பறவை தனித்திருந்து அடைகாத்துக் குஞ்சுகளை வளர்த்துவிட்டுப் பின்னர்க் கிளம்பும். இளம் பறவைகள் கடைசியாகப் புறப்படுகின்றன. தாயோ தந்தையோ உடன் வராத நிலையில், முன்பு ஒருமுறையும் காணாத நாடுகளைக் கடந்து அவை தாமே வழி கண்டு வந்து சேர்கின்றன.

ஆகஸ்டு மாதத்தில் முதிர்ந்த பறவைகள் கோடிக்கரைப் பகுதிக்கு வரத் தொடங்கும். அப்போது சிலவற்றின் மார்பில் செங்கல் நிறத்தின் எச்சம் இன்னும் இருக்கும். இளம் பறவைகள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வந்து சேரும். ஏப்ரல் இறுதி, மே மாதத் தொடக்கம் வரை அவை இங்கே தங்கியிருக்கும். இளம் பறவைகளுள் பல முதல் கோடையில் வடக்கே திரும்புவதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கிவிடுகின்றன. ஆகையால் சதுப்பு நிலம் அவற்றுக்கு ஒரு பருவத்திற்கு மட்டும் வேண்டிய சத்திரம் அன்று. பன்னிரண்டு மாதமும் வேண்டிய வீடு.

கோடிக்கரையும் பெருஞ்சதுப்பும்

வங்கக் கடலின் கரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வந்து, கோடிக்கரையில் மேற்கு நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்திலிருந்து பாக் நீரிணையை ஒட்டி, முத்துப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. காவிரிப் பாசனப் பகுதியின் தெற்கு ஓரத்தில் உள்ள ஆறுகளும் வடிகால்களும் இறுதியில் இச்சதுப்பிலும் இதனையடுத்த கழிமுகங்களிலும் வந்து சேருகின்றன. மழைக்காலத்தில் நன்னீரும், ஏனைய காலத்தில் கடல்நீரும் இங்கே மாறி மாறிப் பரவுகின்றன. இந்த மாற்றமே சேற்றுக்கு உயிர் கொடுக்கிறது.

உப்பு சத்தியாக்கிரகத்தினால் இந்நிலம் நாட்டின் வரலாற்றில் இடம்பெற்றது. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் வேதாரண்யத்தில்தான் உப்பு அள்ளினர். பறவைகளினால் இதன் பெயர் உலகெங்கும் பரவியது. பறவையியல் அறிஞர் டாக்டர் சாலிம் அலி 1960களில் இதன் சிறப்பை எடுத்துரைத்தார். 1967ஆம் ஆண்டில் கோடிக்கரை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பறவைகளை வலையிற் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு உலோக வளையத்தை அணிவித்து, மீண்டும் பறக்கவிட்டனர். வளையம் அணிந்த பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால், எண்ணைக் கொண்டு அது எங்கிருந்து சென்றது என்பதை அறியலாம். கோடிக்கரைக்கும் சைபீரியாவுக்கும் இடையிலான வான்வழி இவ்வாறுதான் நமக்குத் தெரியவந்தது. 2002ஆம் ஆண்டில் சரணாலயமும் பெருஞ்சதுப்பும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்றது இதுவே.

இத்தனை பெருமையிருந்தும், இங்கு வரும் உள்ளான்களின் தொகை முன்போல் இல்லை. பல்லாண்டுகளாக வளையமிட்டும் எண்ணியும் வந்த அறிஞர்கள், 1980களில் கண்ட பெருங்கூட்டங்களோடு ஒப்பிடும்போது சிறு உள்ளான்கள் பெரிதும் குறைந்துவிட்டதாகப் பதிவு செய்துள்ளனர். உலகளவிலும் இதே நிலைதான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் வளை அலகு உள்ளானை, அழிந்துபோகக் கூடிய ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மூன்று சென்டிமீட்டர் கால்

இனி, இப்பறவைக்குச் சேறு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைப் பார்ப்போம். இதன் கால் தரையிலிருந்து மூட்டு வரை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அலகின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். இதனால் நீந்தி இரை தேட இயலாது. ஆழத்தில் மூழ்கி எடுக்கவும் இயலாது. வயிறு நனையும் அளவுக்கு நீர் இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் அந்த இடம் இதற்குப் பயன்படாது. நீர் முற்றிலும் வற்றிச் சேறு இறுகிவிட்டாலும் அலகு இறங்காது. ஆக, காய்ந்த சேற்றுக்கும் ஆழ்ந்த நீருக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று அங்குல வரம்புக்குள் இதன் வாழ்வு அடங்கியிருக்கிறது. நடவு வயலில் நீரை எத்தனை அங்குலம் நிறுத்துவது என்று கணக்கிட்டுப் பார்க்கும் விவசாயிக்கு இந்த நுட்பத்தை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3.3 மில்லிமீட்டர் உயர்ந்து வந்திருப்பதாக நடுவண் அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட காலநிலை மதிப்பீடு கூறுகிறது. பூமி வெப்பமடைவதால் கடல்நீர் விரிவடைவதும், பனிப்பாறைகள் உருகிக் கடலில் சேருவதும் இதற்குக் காரணங்கள். ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்பது ஒரு நெல்மணியின் தடிப்பைவிடச் சற்றே கூடுதல். ஆனால் அதே வேகத்தில் பத்தாண்டுகள் சென்றால் 33 மில்லிமீட்டராகும். அது இந்த உள்ளானின் கால் உயரம்.

சதுப்பு பெரும்பாலும் தட்டையான நிலம். எடுத்துக்காட்டாக, கரையிலிருந்து 1,000 மீட்டர் தூரத்திற்கு 10 சென்டிமீட்டர் மட்டுமே சரிவுள்ள ஒரு சேற்றுவெளியை எண்ணிப்பார்க்கலாம். அங்கே நீர்மட்டம் 33 மில்லிமீட்டர் உயர்ந்தால், நீர்விளிம்பு 330 மீட்டர் உள்ளே வந்துவிடும். மனிதர் கண்ணுக்குத் தெரியாத உயர்வு, பறவையின் உணவு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை மூழ்கடித்துவிடக் கூடும்.

கடல் உயர்ந்தாலும் சேறும் உடன் உயர்ந்துகொண்டே வந்தால் தீங்கில்லை. பழங்காலத்தில் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் ஆண்டுதோறும் படிந்து நிலத்தை உயர்த்திவந்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணையினால் நாம் அடைந்த நன்மை பெரிது. அதனைக் குறை கூறுவது நன்றியன்று. எனினும், அணையின் நீர்த்தேக்கங்கள் நீரோடு வண்டலையும் தடுத்து நிறுத்துகின்றன என்பது உண்மை. கடைமடைக்கு வரும் நீர் குறைந்தது. அதனோடு வண்டலும் குறைந்தது.

கடல் உள்ளே வரும்போது சேறும் மேட்டுப்பக்கம் நகர்ந்து செல்லுமானால் பறவையும் அதனோடு நகரும். ஆனால் மேட்டுப்பக்கத்தில் இன்று பாத்திக்கரைகளும், சாலைகளும், இறால் பண்ணைகளும் நிற்கின்றன. ஒருபுறம் கடலும் மறுபுறம் கரையும் நெருக்க, நடுவிலுள்ள சேறு ஒடுங்குகிறது.

உப்பின் அளவு

சேற்றின் ஆழத்தைப் போலவே அதன் உப்பும் முக்கியமானது. உள்ளானின் உணவு சேற்றுப்புழுக்கள், சிறு நத்தைகள், பூச்சிகளின் இளம் புழுக்கள், கூனிப்பொடி போன்றவை. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மழைநீர் கலந்து உப்புக் குறையும்போது இச்சிற்றுயிர்கள் பெருகுகின்றன. மழை பொய்த்து, நன்னீர் வராமல், நீர் ஆவியாகிக்கொண்டே போனால் உப்பு கடல்நீரைப் போல இரண்டு மூன்று மடங்காக ஏறிவிடும். அந்நிலையில் பெரும்பாலான புழுக்கள் மடிந்துவிடும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறால் போன்ற சில உயிர்களே அங்கே எஞ்சும். அவை பூநாரைக்கு உதவலாம்; சேற்றைத் துழாவி வாழும் உள்ளானுக்குப் போதா.

உப்பளங்களைப் பற்றியும் நடுவுநிலையோடு கூறவேண்டும். கடல்நீரை முதலில் தேக்கும் ஆழமற்ற பாத்திகளில் பறவைகள் இறங்கி உண்பதை எவரும் காணலாம். உப்புச் செறிந்த இறுதிப் பாத்திகளில் அவற்றுக்கு உணவில்லை. ஆகவே இருக்கும் உப்பளங்கள் ஒருவாறு உதவினாலும், திறந்த சேற்றுவெளியை மேலும் மேலும் பாத்திகளாக்குவது பறவைக்கு இழப்பே.

வடகிழக்குப் பருவமழை சீராகப் பெய்யாமல், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும் ஆண்டுகளைக் கண்டுவருகிறோம். புயலும் அவ்வாறே. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தென்னையையும் மாவையும் வேரோடு சாய்த்து, கோடிக்கரைக் காட்டையும் சிதைத்ததை இப்பகுதி மக்கள் மறக்க இயலாது. வெப்பம் மிகுந்த கடல் வலிய புயலுக்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது.

வடக்கிலும் அமைதியில்லை

இங்குள்ள சேற்றை மட்டும் காத்துவிட்டால் போதும் என்றும் கூறுவதற்கில்லை. 1979க்குப் பின்னர் வட துருவப் பகுதி, உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. துந்திராவில் பனி முன்னதாக உருகுகிறது. பூச்சிகள் முன்னதாகத் தோன்றி மறைகின்றன. உள்ளானின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதலே தன் உணவைத் தானே தேட வேண்டும். குஞ்சு பிறக்கும் நாளும் பூச்சி மிகும் நாளும் பொருந்தாமற் போனால் அது வளர்ச்சி குன்றும். தைமிரில் முட்டையிட்டு மேற்கு ஆப்பிரிக்காவின் மாரிட்டானியா நாட்டில் குளிர்காலம் கழிக்கும் நாட் என்னும் மற்றோர் உள்ளானினத்தில் இது நிகழ்ந்திருப்பதை 2016ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். பனி முன்னதாக உருகிய ஆண்டுகளில் பிறந்தவை சிறுத்த உடலும் குட்டையான அலகும் கொண்டிருந்தன. ஆப்பிரிக்கக் கரையில் ஆழப் புதைந்த சிப்பிகள் அந்தக் குட்டை அலகுக்கு எட்டவில்லை. அவற்றுள் பிழைத்தவை குறைவு. வடக்கில் பட்ட குறை, தெற்கில் பசியாக வெளிப்பட்டது.

துந்திராவில் லெம்மிங் என்னும் எலியினம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகுவதும் அருகுவதுமாக இருக்கும். எலி மிகுந்த ஆண்டில் துருவ நரி எலியைத் தின்று பறவையை விட்டுவிடும். எலி அருகிய ஆண்டில் உள்ளானின் முட்டையும் குஞ்சும் நரிக்கு இரையாகும். ஆகவே எல்லா ஆண்டிலும் குஞ்சுகள் கிடைப்பதில்லை. ஒரு நல்ல ஆண்டில் பிறந்தவை அடுத்த நல்ல ஆண்டு வரை உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்குத் தேவையான உணவை அளிப்பது கோடிக்கரை போன்ற தென்னாட்டுச் சேறுதான். சைபீரியாவின் பனியை நம் ஊராட்சி திருத்த இயலாது. ஆனால் வடக்கே துன்பம் மிகும்போது தெற்கே உள்ள நிலம் நன்றாக இருத்தல் வேண்டும். அதுவே நம் கைக்கு எட்டிய கடமை.

பெரியவரின் கேள்விக்கு விடை

இனி, அந்த முதிய விவசாயியின் கேள்விக்கு வருவோம். பயிருக்குரிய தண்ணீரைப் பிடுங்கிப் பறவைக்குக் கொடுப்பதா என்பது அவர் ஐயம். அவ்வாறு கொடுக்க வேண்டியதில்லை. உள்ளானுக்கு வேண்டியது வயலிலிருந்து வடிந்து வரும் நீர். அந்நீர் வடிந்தாக வேண்டும் என்பது விவசாயியின் தேவையுமாகும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை மிகும்போது வடிகால் தூர்ந்து கிடந்தால் நிகழ்வது என்ன? நீர் வயலில் நின்று சம்பா இளம்பயிர் அழுகுகிறது. அதே நேரத்தில் சதுப்புக்கு வர வேண்டிய நன்னீர் வந்து சேருவதில்லை. விவசாயிக்கு மிகுதியினாலும் பறவைக்குக் குறைவினாலும் இழப்பு. இரண்டுக்கும் காரணம் ஒரே அடைப்பு.

கோடையில் கடைமடை நீரொழுங்கியின் கதவு துருப்பிடித்துப் பழுதாகி, ஏற்றநீரைத் தடுக்க இயலாமற் போனால் நிகழ்வது என்ன? கடல்நீர் வடிகால் வழியே ஏறி வயலோரத்தை உப்பாக்குகிறது. கிணற்று நீர் கரிக்கிறது. உப்பு ஏறிய அந்நிலத்தைச் சம்பாவுக்கு முன் கழுவுவதற்குக் கூடுதல் நன்னீர் தேவைப்படுகிறது. சதுப்புக்குச் செல்லும் நீர் மேலும் குறைகிறது. இங்கும் விவசாயிக்கும் பறவைக்கும் இழப்பை உண்டாக்குவது ஒரே பழுது.

இதற்குச் சான்று வெளியூரில் தேட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடலோர வயல்களில் உப்பைக் கொட்டிச் சென்றது. பல நிலங்களை மீட்ட வழி எது? மழைநீரை வயலில் தேக்கி, உப்பைக் கரைத்து, வடித்து, மீண்டும் தேக்கி, மீண்டும் வடித்ததே. ஜிப்சமும் தக்கைப்பூண்டும் துணை செய்தன. வடிகால் ஓடாத வயலில் இம்முறை பயன் தராது என்பதை அன்று உழைத்தவர் அறிவர். அந்த வடிகாலின் மறுமுனையில்தான் உள்ளான் நிற்கிறது. அது அங்கே இறங்கி இரை எடுத்தால், நீர் வந்து சேருகிறது, உப்பு அளவோடு இருக்கிறது என்று பொருள். அது வராமல் நின்றுவிட்டால், அடுத்து உப்பு ஏறி வரக்கூடிய இடம் கடைமடை வயல் என்று விழித்துக்கொள்ள வேண்டும்.

ஊராட்சி செய்யத் தக்கவை

1. வடிகால். பெரிய வடிகால்களும் நீரொழுங்கிகளும் நீர்வளத்துறையின் பொறுப்பு. எனினும் எந்த இடத்தில் அடைப்பு, எந்தக் கதவு பழுது என்பதை முதலில் அறிகிறவர் ஊரார்தாம். அதனைப் பட்டியலிட்டுக் கிராம சபைத் தீர்மானத்துடன் துறைக்கு அனுப்புதல் வேண்டும். ஊருக்குள் உள்ள சிறு வாய்க்கால்களை மழைக்கு முன்னரே ஊராட்சி தூர்வாரிவிட வேண்டும்.

2. குளம். இதில் எனது தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியின் தொடக்க ஆண்டுகளில் ஓர் ஊர்ப் பொதுக்குளத்தை ஆழப்படுத்தும் வேலையை மேற்பார்த்தேன். நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி, கரையை ஒழுங்காக்கி, பெட்டிபோல் அமைத்தோம். அளவுப் புத்தகத்தில் கணக்கு அழகாக இருந்தது. அடுத்த ஆண்டு சென்றபோது மாடுகள் இறங்க வழியின்றி மேலேயே நின்றன. முன்பு ஓரத்தில் கூட்டமாக இரை தேடிய உள்ளான்களில் ஒன்றுகூட இல்லை. குளத்தின் நடுவில் வேண்டிய ஆழம் எடுக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தையேனும் மென்மையான சரிவாக விட்டுவிட வேண்டும். மாடு இறங்கவும், குழந்தைகள் தவறி விழுந்தால் கரையேறவும், பறவை நிற்கவும் அந்தச் சரிவு உதவும்.

3. மரம் நடுதல். மரம் நடுவது நல்லது என்பதால் எங்கும் நடலாம் என்பதில்லை. அலையாத்தி மரங்களுக்கு உரிய இடம் கழிமுக ஓரங்கள். திறந்த சேற்றுவெளியில் அவற்றை வரிசையாக நட்டால் உள்ளான் இறங்கும் இடம் மறைந்துவிடும். நடுவதற்கு முன் வனத்துறையினரிடம் கலந்து பேசுதல் வேண்டும். தானாகப் பரவி நிலத்தை அடைக்கும் சீமைக் கருவேலை அகற்றுவதிலும் அவர்களது வழிகாட்டுதல் தேவை.

4. வேட்டை. வலை விரித்தோ கண்ணி வைத்தோ இப்பறவைகளைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு பறவையில் கிடைப்பது ஒரு கவளத்திற்கும் போதாத இறைச்சி. அதற்காக 7,000 கிலோமீட்டர் வந்த உயிரைக் கொல்வது எவ்வகையிலும் இலாபமன்று. இதனை எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஊரிலுள்ள பெரியவர்கள்.

5. பதிவேடு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். பல இடங்களில் இது ஒருமுறை எழுதிப் பூட்டி வைக்கப்படும் புத்தகமாக இருக்கிறது. பள்ளி மாணவர்களைக் கொண்டு மாதம் ஒரு நாள் குறிப்பிட்ட இடத்தில் நீரின் ஆழத்தையும், இறங்கியிருக்கும் பறவைகளின் எண்ணிக்கையையும் குறித்துவந்தால் அது உயிருள்ள பதிவேடாகும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடைபெறுகிறது. அதில் ஊர் இளைஞர்கள் கலந்துகொள்ளலாம்.

6. நிலம். சேற்று நிலத்தை வேறு பயனுக்குக் கேட்டு மனு வரும்போது, வீண் நிலம்தானே என்று எண்ணித் தீர்மானம் நிறைவேற்றிவிடலாகாது. மழை வெள்ளத்தை வாங்கிக்கொள்வதும், கடலின் வேகத்தை ஊருக்கு முன்னே தணிப்பதும் அந்நிலமே.

மூன்று நாட்கள்

இவற்றை நினைவிற் கொள்ளத் தனியான நாட்காட்டி வேண்டுவதில்லை. கிராம சபை கூடும் நாட்களே போதும். ஆகஸ்டு 15இல் கூடும்போது வடக்கிலிருந்து முதல் உள்ளான்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். தூர்வார வேண்டிய வடிகால்களை அன்று முடிவு செய்யலாம். அக்டோபர் 2இல் கூடும்போது இளம் பறவைகள் வந்து சேர்ந்துகொண்டிருக்கும், மழையும் நெருங்கிவிடும். வேலை முடிந்ததா என்று அன்று கணக்குப் பார்க்கலாம். மார்ச் 22, உலக நீர் நாளில் கூடும்போது, பறவைகள் நெடும்பயணத்திற்காக உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும். புறப்படும் முன் அவற்றின் எடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். கோடையில் கடல்நீர் ஏறாதபடி நீரொழுங்கியின் கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்த்துவிட அதுவே தக்க தருணம்.

அந்த முதிய விவசாயியின் ஊருக்கு நான் மீண்டும் சென்றால், சட்டப் புத்தகத்தை எடுத்துச் செல்லமாட்டேன். அவரையும் அழைத்துக்கொண்டு வடிகாலின் கரைவழியே அதன் கடைசி முனை வரை நடந்து செல்ல எண்ணியிருக்கிறேன். வழியில் உள்ள அடைப்புகளை அவர் எனக்குக் காட்டுவார். முனையில் நிற்கும் பறவையை நான் அவருக்குக் காட்டுவேன். இருவரும் சேர்ந்து எழுதும் பட்டியல் ஒன்றாகவே இருக்கும். வடிகாலின் கடைசியில் உள்ள ஊராட்சிகள் அனைத்தும் இந்நடையை இவ்வாண்டு மழைக்கு முன்னரே ஒருமுறை நடந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.